முகிலனின் திருப்பூர் பஸ்

நான் வேலை பார்த்த அங்கன்வாடி மையத்தில் இப்போது சுவரில் பெரிய டிவி ஒன்று மாட்டியிருக்கிறார்கள். அதில் முயல் பேசுகிறது, யானை பாடுகிறது. எனக்குப் பிறகு அங்கே வேலைக்கு வந்திருக்கும் தீபா போன வாரம் போன் செய்தாள்.

"டீச்சர், டிவி போட்டா புள்ளைங்க ஆடாம அசையாம உக்காந்திருக்குதுங்க. சண்டை இல்ல, சத்தம் இல்ல. ஆனா எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. நீங்க இருந்தப்ப புள்ளைங்களே கதை சொல்லி, அதுங்களே நடிக்குமாமே? அமுதாக்கா சொன்னாங்க. எப்படிச் செஞ்சீங்க?"

போனில் சொல்லி முடிகிற விஷயமாக அது இல்லை. "எழுதித் தர்றேம்மா" என்றேன். எழுத உட்கார்ந்தால், எப்படிச் செய்தேன் என்பதைவிட யாரெல்லாம் இருந்தார்கள் என்பதுதான் முந்திக்கொண்டு வருகிறது.

எங்கள் ஊர் வலங்கைமானுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கல்யாணமாகி அங்கே வந்த பிறகுதான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. தஞ்சாவூரில் பயிற்சி கொடுத்தார்கள். எடை போடுவது, சத்துமாவு கிண்டுவது, கர்ப்பிணிகளுக்கு என்ன சொல்ல வேண்டும் என்பது, கைதட்டிப் பாடும் பாட்டுகள், காகிதத்தில் பொம்மை செய்வது எல்லாம் கற்றுக்கொண்டேன். கதை சொல்லவும் சொல்லிக்கொடுத்தார்கள். சிங்கம் வந்தால் குரலை உயர்த்த வேண்டும், எலி வந்தால் தாழ்த்த வேண்டும். எனக்கு அது நன்றாக வந்தது. முதல் சில வருடங்கள் நான் கதை சொல்லுவேன், பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கும். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை கூட உண்டு.

எங்கள் வட்டத்துக்கு மேற்பார்வையாளராக வந்தவர் ஜெயலட்சுமி மேடம். கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ்ஸில்தான் வருவார். எப்போது வருவார் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார். செருப்பை வெளியே விட்டதும் நேராகத் தண்ணீர்ப் பானையைத் திறந்து பார்ப்பார். பிறகு சமையலறைக்குப் போய் உதவியாளர் அமுதாவிடம், "பருப்பு வெந்துச்சா அமுதா?" என்று கேட்பார். அதன்பின் வகுப்பறையின் மூலையில் தரையில் உட்கார்ந்துவிடுவார். நாற்காலி போட்டால் வேண்டாம் என்பார். பிள்ளைகள் இருக்கும்போது பேனாவைத் திறக்கவே மாட்டார். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகளுக்கு அவரும் அங்கே கிடக்கிற அரிசி மூட்டை மாதிரி ஆகிவிடுவார். பிள்ளைகள் அவர் மடியில் கைவைத்து எழுந்து ஓடும். அவர் அசையமாட்டார்.

ஒரு நாள் நான் கதை சொல்லி முடித்த பிறகு, வாசல்வரை போனவர் திரும்பினார்.

"நீங்க சொன்ன கதை ரொம்ப நல்லாருந்துச்சும்மா. அவங்க கதை எங்க?"

"எவங்க கதை மேடம்?"

"இத்தனை பேரு உக்காந்திருக்காங்களே, அவங்க கதை."

அவர் பேச்சே அப்படித்தான். இதைச் செய் என்று சொன்னதில்லை. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போய்விடுவார். அது நம்மோடு இருந்து குடைந்துகொண்டே இருக்கும்.

அடுத்த நாள் காலையில் பிள்ளைகளிடம், "இன்னிக்கு யாரு எனக்குக் கதை சொல்றீங்க?" என்று கேட்டேன். யாரும் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஒரு பெண் குழந்தை எழுந்து, "பூனை வந்துச்சு. போயிடுச்சு" என்றாள். அவ்வளவுதான் கதை. மேலே ஏதாவது சொல்ல வைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகு அப்படியே விட்டேன். தரையில் சாக்பீஸால் ஒரு பெரிய கட்டம் போட்டு, "இதுதான் மேடை. யாரு பூனை?" என்றேன். ஒரு பையன் நாலு காலில் கட்டத்துக்குள் வந்தான், போனான். எல்லாரும் கைதட்டினார்கள். "நானு, நானு" என்று மறுநாள் என் முந்தானையைப் பிடித்து இழுக்காத பிள்ளை இல்லை.

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. காலையில் ஒரு பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லும். சொன்ன வார்த்தையைச் சொன்னபடியே நான் உரக்கத் திருப்பிச் சொல்வேன். 'போச்சு' என்றால் 'போச்சு'தான், 'போனது' என்று மாற்றமாட்டேன். சாப்பாட்டுக்கு முன்னால் அதைக் கட்டத்துக்குள் நடிப்போம். யார் யாராக இருக்க வேண்டும் என்பதைக் கதை சொன்ன பிள்ளைதான் முடிவு செய்யும். வேண்டாம் என்று சொல்கிற உரிமை மற்றப் பிள்ளைகளுக்கு உண்டு. எனக்கு ஏதாவது கேட்க வேண்டுமானால் கதைக்குள்ளிருந்து கேட்கலாம். கதையை மட்டும் திருத்தக் கூடாது.

ஒரு தை மாதம், ஒரு பையன் அறுவடை மெஷினாக வந்தான். மற்றவர்கள் எல்லாம் கதிர். மெஷின் உறுமிக்கொண்டு வரவர வரிசையாக விழுந்தார்கள். ஒருத்தி மட்டும் விழவில்லை.

"ஏ, வுழு! அறுத்தாச்சு!"

"நான் இன்னும் வெளையலடா. இப்பதான் பால் புடிச்சிருக்கேன். அடுத்த வாரம் வா."

மெஷின் அவளைச் சுற்றிக்கொண்டு போனது. மூலையில் உட்கார்ந்திருந்த மேடம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை.

எல்லாக் கதையும் இப்படிச் சிரிப்பாக முடிந்திருந்தால் எழுத ஒன்றும் இருந்திருக்காது. தீபா, உனக்கு நான் சொல்ல வேண்டியது முகிலனைப் பற்றித்தான்.

முகிலனுக்கு அப்போது நாலு வயசு. அப்பா ராஜா குத்தகைக்குப் பயிர் செய்தார். கோடையில் மட்டும் திருப்பூருக்குப் போய் பனியன் கம்பெனியில் வேலை செய்துவிட்டு வருவார். அந்த வருடம் ஐப்பசி மழையில் மோட்டார் கொட்டகைக்குள் சுவிட்சைத் தொட்டவர் கரண்ட் அடித்து அங்கேயே விழுந்துவிட்டார். முகிலனின் அம்மா சுமதிக்கு இடுப்பில் ஒரு கைக்குழந்தை வேறு.

கருமாதி முடிந்து முகிலன் மையத்துக்குத் திரும்பி வந்தான். அழவில்லை, பிடிவாதம் பிடிக்கவில்லை, ஒழுங்காகச் சாப்பிட்டான். பரவாயில்லை, சின்னப் பிள்ளை, தெரியவில்லை போலிருக்கிறது என்று அமுதாவும் நானும் பேசிக்கொண்டோம். இரண்டொரு நாளில் கதை சொல்கிறேன் என்று அவனே வந்து உட்கார்ந்தான்.

"அப்பா படுத்திருக்காங்க. எல்லாரும் பூப் போடுறாங்க. தப்பு அடிக்கிறாங்க. அப்பாவைத் தூக்கிட்டுப் போறாங்க. பஸ்ஸு வருது. அப்பா பஸ்ல ஏறுறாங்க."

சொன்னபடியே திருப்பிச் சொன்னேன். சஞ்சய் என்ற பையனைக் கோரைப்பாயில் படுக்க வைத்தான். பிள்ளைகள் புங்க இலையைக் கிள்ளி வந்து போட்டன. இரண்டு பேர் தட்டைத் தப்பு மேளமாகக் கவிழ்த்துப்போட்டு அடித்தார்கள். மற்றவர்கள் பாயைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். சஞ்சய்க்கு ஒரே சிரிப்பு. சிறிய நாற்காலிகளை வரிசையாகப் போட்டு முகிலன் பஸ் செய்திருந்தான். "திருப்பூர், திருப்பூர், ஏறுங்க" என்று கத்தினான். சஞ்சய் ஏறினான். பஸ் போயிற்று. பிறகு அதே பஸ் திரும்பி வந்தது. எல்லாரும் இறங்கினார்கள். சஞ்சய் இறங்கப் போனபோது முகிலன் அவனைத் தள்ளிவிட்டான். "நீ வரக் கூடாது. நீ அங்கயே இரு." பிறகு வாசற்படியில் போய் நின்று ரோட்டைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எங்களிடம் திரும்பினான்.

"இன்னிக்கு வரல. நாளைக்கு."

மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும் அதே. ஒரு வார்த்தை மாறவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனிடம் யாரும் சொல்லவில்லை. அப்பா தூங்குகிறார் என்றிருக்கிறார்கள், பிறகு திருப்பூர் போயிருக்கிறார் என்றிருக்கிறார்கள். பார்த்ததையும் கேட்டதையும் சேர்த்து அவனே ஒரு கதை கட்டிக்கொண்டான். பாடை பஸ் ஸ்டாப்புக்குப் போனது என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

அந்த வாரக் கடைசியில் பர்ஹானா அதைப் போட்டு உடைத்தாள். ஊர் நடுவில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஷகிலாவின் மகள் அவள். எதையும் பட்டென்று சொல்லிவிடுவாள். முகிலன் வாசற்படியில் நின்றபோது பக்கத்தில் போய், "செத்துப்போனவங்க பஸ்ல வரமாட்டாங்கடா" என்றாள். அவன் திரும்பி அவள் கையைக் கடித்துவிட்டான். பல் பதிந்து ரத்தம் கட்டிவிட்டது.

சாயங்காலம் ஷகிலா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"புள்ளை கடிக்கிறது சகஜம் டீச்சர், அதை நான் பெருசு பண்ணல. ஆனா இங்க பொணம் தூக்கி வெளையாடுறாங்களாமே? பச்சப் புள்ளைங்கள வச்சுக்கிட்டு இது என்ன வெளையாட்டு? படுத்துக் கெடந்த புள்ளைக்கு நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

நான் விளக்கிச் சொன்னது எதுவும் அவள் காதில் ஏறவில்லை. அவள் கடைக்கு வராத வீடு இல்லை. மறுநாள் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. சஞ்சயின் அம்மா நேராக அலுவலகத்துக்கே போன் செய்துவிட்டார். மதியம் மேடம் என்னைப் போனில் கூப்பிட்டார். அன்று மட்டும் அவர் கேள்வி கேட்கவில்லை.

"அந்த வெளையாட்ட நிறுத்திடுங்கம்மா."

"ஒரு தடவை வந்து பாத்துட்டுச் சொல்லுங்க மேடம். அப்பவும் நிறுத்தணும்னு சொன்னா நிறுத்திடுறேன்."

"சரி, வர்றேன்" என்றார். வேலை போய்விடுமோ என்ற பயம் எனக்கு இருந்தது. அதைவிடப் பெரிய பயம், நிறுத்தச் சொன்னால் முகிலனிடம் என்ன சொல்வது என்பது.

வந்தார். பானையைத் திறந்து பார்த்தார். பருப்பைக் கேட்டார். மூலையில் உட்கார்ந்தார். இருந்த சில பிள்ளைகளை வைத்து முகிலன் நாற்காலிகளை அடுக்கினான். ஆள் குறைவாக இருந்ததால் சுற்றிப் பார்த்தவன் நேராக மேடத்திடம் போனான்.

"நீங்க கண்டக்டர். வாங்க."

மேடம் என்னைப் பார்க்கவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். கை விரலை நாக்கில் தொட்டு இல்லாத டிக்கெட்டைக் கிழித்தார்.

"டிக்கெட், டிக்கெட். எங்க போகணும்?"

"திருப்பூர்" என்றான் முகிலன்.

"எத்தனை பேரு?"

"அப்பா மட்டும்."

"போறதுக்கு மட்டுமா? திரும்பி வர்றதுக்கும் டிக்கெட் வேணுமா?"

முகிலன் அப்படியே நின்றுவிட்டான். பாயில் கிடந்த பிள்ளையைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்.

"தெரியல. அது அம்மாவுக்குத்தான் தெரியும்."

பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்ததும் மேடமும் நானும் புங்க மரத்தடிக்கு வந்தோம். "நானே அவன்கிட்ட சொல்லிடுறேன் மேடம். என்னால தாங்க முடியல" என்றேன்.

"யாருக்குத் தெரியும்னு அவனே சொல்லிட்டானேம்மா" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நாம சொன்னா நாம சொன்னதா இருக்கும். சாயங்காலம் அந்த அம்மாவைப் பாக்கலாம். கடைசி பஸ்ல போய்க்கிறேன்" என்றார்.

சுமதி நடவுக்குப் போய்விட்டு வந்து கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டாள். மையத்தில் நடப்பதை நான் ஒன்றுவிடாமல் சொன்னேன். பாய், தப்பு, பஸ் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலையைக் குனிந்தே இருந்தாள்.

"அவன்கிட்ட மட்டுமாவது அவரு உசுரோட இருக்கட்டும்னு நெனச்சேன் டீச்சர். ஊரு பூரா என்னைப் பாத்தா பேச்சை நிறுத்துது. அவன் ஒருத்தன்தான், 'அப்பா வர்றப்ப எனக்கு சட்டை வாங்கிட்டு வருவாங்களாம்மா'ன்னு கேப்பான். அதைக் கேக்கறப்ப ஒரு நிமிசம் எனக்கும் அப்படித்தான் இருக்கும்."

மேடம்தான் கேட்டார். "தினமும் வாசல்ல நின்னு பாக்குறான்மா. எவ்வளவு நாளைக்கு நிப்பான்?"

சுமதி கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். நாங்கள் எழுந்து வாசலைத் தாண்டும்போதுதான், "காலையில வர்றேன்" என்றாள்.

மேடத்தைக் கடைசி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்; விளையாட்டை நிறுத்துங்கள் என்று அவர் மறுபடி சொல்லவே இல்லை. வீட்டுக்குப் போகிற வழியில் நான் ஷகிலாவின் கடையில் ஏறினேன். நாளைக்கு ஒரு நாள் பர்ஹானாவை அனுப்பு, நீயும் கூட வந்து இரு என்றேன். அவள் வருவாள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் மறுநாள் காலையில் வந்தாள். உள்ளே வராமல் ஜன்னலுக்கு வெளியே முக்காட்டைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

சுமதி கைக்குழந்தையை அமுதாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள். அம்மாவைப் பார்த்ததும் முகிலனுக்குச் சந்தோஷம். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முன்சீட்டில் உட்கார வைத்தான். அந்தக் குட்டி நாற்காலியில் முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்தாள். இலை போட்டார்கள். தட்டு அடித்தார்கள். பாய் வந்தது. அவள் இரண்டு கையாலும் நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"திருப்பூர், திருப்பூர்! அப்பா, ஏறுங்க!"

"தம்பி, பஸ்ஸை நிறுத்து" என்றாள் சுமதி.

"அப்பா ஏறணும்மா."

"அப்பா பஸ்ல போகலடா."

தட்டு அடித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பாயில் கிடந்த சின்னப் பையன் சத்தமில்லாமல் எழுந்து என் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டான்.

"திருப்பூர்ல இல்லையா?"

"இல்ல. அம்மா உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். அப்பா அன்னிக்குத் தூங்கல. மோட்டார்ல கரண்ட் அடிச்சுச் செத்துப்போயிட்டாங்க. ஆத்தங்கரைக்குத் தூக்கிட்டுப் போயி எரிச்சிட்டாங்க. இனிமே வரமாட்டாங்கய்யா."

முகிலன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எரிச்சப்ப அப்பாவுக்குச் சுட்டுச்சா?"

சுமதி என்னைப் பார்த்தாள். நான் அமுதாவைப் பார்த்தேன். தன் தாத்தாவைப் பறிகொடுத்திருந்த பர்ஹானாதான் பேசினாள். கடிபட்ட கையை மற்றக் கையால் மூடிக்கொண்டு கொஞ்சம் எட்ட நின்றுதான் பேசினாள்.

"செத்துப்போனா சுடாது. எங்க நன்னாவைக் குளிப்பாட்டுனாங்கள்ல, அப்ப தண்ணி சில்லுன்னு இருந்துச்சு. நன்னா ஒண்ணுமே சொல்லல. உடம்புக்குத் தெரியாது."

முகிலன் அதை யோசித்தான். பிறகு, "அப்ப பஸ்ஸு எதுக்கு?" என்று சொல்லிவிட்டு, நாற்காலிகளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போய்ச் சுவரோரம் வைத்தான். கடைசி நாற்காலியில் அம்மா இருந்தாள். அதன் காலைப் பிடித்து இழுத்துப் பார்த்தான், நகரவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தான். அம்மாவை அடித்தான். "ஏன் சொல்லல, ஏன் சொல்லல" என்று அடித்தான். அவள் தடுக்கவில்லை. அடிக்கிற கையோடு சேர்த்து அவனை அணைத்துக்கொண்டாள். தாய்க்கும் பிள்ளைக்கும் அன்றுதான் ஒன்றாக அழக் கிடைத்தது. ஜன்னலுக்கு வெளியே ஷகிலா முக்காட்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரமே மற்றப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். நான் யாரையும் போய்க் கூப்பிடவில்லை. "நான் இருந்து பாத்தேன், அனுப்புங்க" என்று ஷகிலா கடைக்கு வந்தவர்களிடம் சொல்லியிருக்கிறாள்.

தீபா, நடிக்க வைத்தால் துக்கம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. முகிலன் அதன்பிறகு பல நாள் எதற்கெடுத்தாலும் கோபப்பட்டான். இரவில் விழித்துக்கொள்கிறான் என்று சுமதி சொன்னாள். விளையாட்டு அவன் துக்கத்தைக் குறைத்ததா என்று எனக்குத் தெரியாது. அவனுக்கு என்ன தெரியவில்லை என்பதை அது எங்களுக்குக் காட்டியது. டிவியில் வரும் முயலிடம் அவன் அதைச் சொல்லியிருக்க முடியாது. டிவி இருக்கட்டும், அதுவும் ஒரு பக்கம் ஓடட்டும். அதை அணைத்த பிறகு கொஞ்ச நேரம் தரையில் உட்கார்ந்து, இன்னிக்கு யாரு கதை என்று கேட்டுப் பார். வருகிற கதை உனக்குப் பிடிக்காமல் இருக்கலாம். ஊருக்கும் பிடிக்காமல் போகலாம். அப்போது பக்கத்தில் நிற்க ஒரு பெரியவர் வேண்டும். எனக்கு ஜெயலட்சுமி மேடம் இருந்தார். உனக்கு யாரும் இல்லை என்றால் என்னைக் கூப்பிடு.

முகிலன் மறுபடி கதை சொன்னபோது மார்கழி பிறந்திருந்தது. காலையில் பனி விலகாத நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அம்மா சோறு ஆக்குனாங்க. நானும் பாப்பாவும் சாப்பிட்டோம். மழை பேஞ்சுச்சு. அம்மா கதவைச் சாத்துனாங்க. எல்லாரும் தூங்குனோம்."

சொன்னதைச் சொன்னபடியே திருப்பிச் சொன்னேன். பர்ஹானாவை அம்மாவாக்கினான். இருப்பதிலேயே சின்னக் குழந்தையைப் பாப்பாவாக்கினான். மழை பெய்ய நாலு பேரைத் தட்டோடு உட்கார வைத்தான். தான் தானாகவே இருந்தான்.

பர்ஹானா கட்டத்துக்குள் நின்றுகொண்டு கேட்டாள். "அப்பா யாருடா?"

"அப்பா யாரும் இல்ல" என்றான். "இந்தக் கதையில நாங்க மூணு பேருதான்."

சோறு ஆக்கினாள், ஊட்டினாள். மழை பெய்தது. கதவைச் சாத்தினாள். மூன்று பேரும் கட்டத்துக்குள் அடுத்தடுத்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்கள். கதை அங்கே முடிந்துவிட்டது என்று நினைத்து நான் கைதட்டப் போனேன். முகிலன் ஒரு கண்ணைத் திறந்து, வேண்டாம் என்று கையைக் காட்டினான். இன்னும் கொஞ்ச நேரம் படுத்திருந்தான். பிறகு எழுந்து உட்கார்ந்து, இரண்டு பேரையும் தட்டினான்.

"விடிஞ்சிருச்சு. எந்திரிங்க."

எழுந்தார்கள்.